காய்ச்சல் என்று சொல்லிவிடு

ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பார்கள். வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேட்பார்கள். கேட்காமல் எப்படி இருப்பார்கள், கையில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவதே நுழைவுத் தேர்வில் வாங்கிய அந்த எண்தானே என்று தையல்நாயகி நினைத்தாள், நினைத்துவிட்டு, நினைக்கக்கூடாது என்று ஓட்டல் நடையில் கிடந்த தரைவிரிப்பைப் பார்த்தாள். சிவப்பில் பழுப்புக் கொடி ஓடிய விரிப்பு. கொடியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனால் கொஞ்ச நேரம் பயம் தெரியவில்லை, ஆனால் அது வளைந்து நெளிந்து கடைசியில் அந்தக் கதவுக்கு அடியில்தான் போய் நுழைந்தது. கதவுக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்களாம். பெரிய மேலாண்மைக் கல்லூரியிலிருந்து சென்னைக்கு வந்து, இந்த ஓட்டலில் அறை பிடித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இன்டர்வியூ எடுக்கிறார்கள். உள்ளே போன பையன் இன்னும் வரவில்லை. ஏசி குளிர் காதுக்குள் போயிற்று. அவள் சிரிக்கப் பார்த்தாள். நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், நாளெல்லாம் ஐஸ் பாறைகளுக்கு நடுவே நடமாடுகிறவள், இந்தக் குளிருக்கா நடுங்குகிறாள் என்று தன்னையே கேலி செய்து பார்த்தாள். கேலி எடுபடவில்லை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி டீ குடிக்கும்போது அவள் புருஷன் மதியழகன், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ இன்ஜினில் எந்த நட்டு கழன்றது என்று கண்டுபிடித்துவிட்ட மாதிரி சொன்னான், “காய்ச்சல்னு சொல்லிடு தையலு. காய்ச்சலுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.” அவள் சரி என்றாள். அப்போது அது சரியாகத்தான் இருந்தது. டீக்கடையில் எதுவும் சரியாகத்தான் இருக்கிறது.

பக்கத்து நாற்காலிப் பெண் தன் பெயர் தீக்ஷிதா என்றாள், இந்த ஊர்தான் என்றாள், அக்கா உங்க பெர்சன்டைல் என்ன என்று கேட்டுவிட்டாள். சாப்பிட்டீங்களா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். நடையில் எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, அதற்கும் மேலே புள்ளிக்குப் பிறகு ஒரு எண், அந்தப் புள்ளிக்குப் பிறகு வருவது குறைந்துவிட்டதே என்று ஒரு பையன் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். தன் எண்ணைச் சொன்னால் அவன் வருத்தம் தீர்ந்துபோகும் என்று தையல்நாயகிக்குத் தோன்றியது. ரொம்பக் கம்மிப்பா, சொன்னா நீ இந்த நாற்காலியிலேர்ந்து எழுந்து அந்தப் பக்கம் போயிடுவ என்று சிரித்தாள். தீக்ஷிதாவும் சிரித்தாள், விடவில்லை. கடைசியில் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னபோது தீக்ஷிதாவின் புருவம் ஏறி இறங்கியது, கெட்ட பெண் இல்லை, உடனே முகத்தைச் சரி செய்துகொண்டு, “பரவால்லக்கா, பொண்ணுங்களுக்கு, வேலை பார்க்கறவங்களுக்கெல்லாம் தனியா மார்க் குடுப்பாங்க, அதுலதான் கூப்பிட்டிருப்பாங்க, டென்ஷன் ஆகாதீங்க” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அது தையல்நாயகியின் வயிற்றுக்குள் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. அதுலதான். அதுலதான் கூப்பிட்டிருப்பாங்க. அப்படியென்றால் உள்ளே இருக்கிறவர்களுக்கும் தெரியும். இது என்ன கணக்கு, எதற்கு இந்தம்மாவைக் கூப்பிட்டோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொண்டுவிட்டு அப்புறம் கேட்பார்கள். ஏன் இவ்வளவு குறைவு.

மற்ற இடங்களெல்லாம் கேட்கக்கூட இல்லை. விண்ணப்பித்த ஒவ்வொரு கல்லூரியும் ஒரே மாதிரி வருந்தியது. வருந்துகிறோம் என்று செல்போனில் வந்தபோதெல்லாம் அவள் முதலில் மதியழகனிடம் காட்டி, பாருங்க, எனக்காக எவ்வளவு பெரிய மனுஷங்கள்லாம் வருத்தப்படறாங்க என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். இது ஒன்றுதான் பாக்கி. இதுவும் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், ஒன்றும் ஆகாது, அதுதான் பயம். ஐஸ் கம்பெனியில் அதே மேஜை, அதே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஐஸ் உடைக்கிற இயந்திரத்தின் சத்தம். மேனேஜர் வேலையை விட்டுப் போனபோது அந்த இடம் தனக்குத்தான் என்று எல்லோரையும்போல அவளும் நினைத்தாள். எந்தப் படகுக்காரர் எப்போது ஐஸ் கேட்பார், மின்சாரம் போனால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் அவள்தான். முதலாளி தன் தங்கை மகனை உட்கார வைத்தார். கோயம்புத்தூரில் எம்பிஏ படித்தவன். முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அதுவும் அன்பாகத்தான், “நீயும் இந்தப் படிப்பு படிச்சிருந்தா உன்னையே உக்கார வச்சிருப்பேம்மா” என்றார். பொய் சொல்கிறாரா நிஜமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது, படித்துப் பார்ப்பது. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். அவளுக்கு ஊரில் பெயரே சிரிச்சுக்கிட்டே இருக்குற பொண்ணு. அரசுப் பள்ளியில் படிக்கும்போது கணக்கு டீச்சர் ஆறு மாதத்துக்கு வராமல் போனபோது வகுப்பையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அந்த ஆறு மாதத்தில் நடத்தாமல் விட்ட பாடங்கள் எவை எவை என்று இப்போது, இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, வேண்டாத விருந்தாளிகள்போல ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

கதவு திறந்தது. பையன் வெளியே வந்தான், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போனது வேறொருவன். அவள் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள், விட்ட மூச்சு முழுவதுமாக வெளியே போவதற்குள் அடுத்தது யார் என்ற நினைப்பு வந்து பாதியிலேயே பிடித்துக்கொண்டது. பால் கசிந்தால் இருக்கட்டும் என்று மாராப்புக்குள் மடித்து வைத்த துணி சரியாக இருக்கிறதா என்று மேலோடு கையை வைத்துப் பார்த்தாள். காலையில் பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று, இப்போது பிள்ளை சோறும் சாப்பிடுகிறாள், முன்னைப்போலச் சுரப்பு இல்லை. இருந்தாலும் கை தன் பாட்டுக்குப் போய்ப் பார்க்கிறது, அந்த நாளுக்குப் பிறகு கைக்கு அது பழக்கமாகிவிட்டது. அந்த நாள். நுழைவுத் தேர்வுக்கு முந்தின வாரம் அத்தை, மதியழகனின் அம்மா, கடற்கரை ஏலத்துக்குத் தானே போய்த் தாய்ப்பால் ஊற வைக்கும் பால்சுறா வாங்கி வந்தாள். படிச்சுப் படிச்சு வத்திப் போயிட்ட, பச்சப்புள்ளைக்குப் பாலுக்கு என்ன பண்ணுவ என்றாள். வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் அள்ளிப் போட்டுப் புட்டு செய்தாள். மறுநாள் பூண்டுக் குழம்பு. அதற்கு மறுநாள் மறுபடியும் சுறா. புத்தகத்தைக் கையில் பிடித்திருந்தவளுக்கு ஊட்டிக்கூட விட்டாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது. பரீட்சைக்குப் போகிறவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கக்கூடாது என்று எந்த ஊரிலும் யாருக்கும் தோன்றியிருக்காது, அவளுக்கே தோன்றவில்லை. தேர்வு மையத்து வாசலில் துப்பட்டா கூடாது என்று சொல்லிவிட்டார்கள், கழற்றி மதியழகனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் தனி நேரம், முடியும்வரை நாற்காலியை விட்டு எழக்கூடாது. முதல் பகுதியிலேயே மார்பு இறுகத் தொடங்கிற்று. மூன்றாவது பகுதிதான் கணக்கு. கணக்கு தொடங்கி நடக்கும்போது வெளியே எங்கேயோ ஒரு குழந்தை அழுதது, தன்னைப்போலவே எவளோ ஒருத்தி கொண்டுவந்து விட்டுவிட்டு வந்த குழந்தை, அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி பால். வெளிர்நீலச் சுடிதார். இரண்டு பக்கமும் கருநீல வட்டம், வட்டம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. மேற்பார்வையாளர் ஓர் ஆண். அவர் அந்த வரிசைக்கு வரும்போதெல்லாம் அவள் முழங்கையை மேஜையில் ஊன்றி மார்பை மறைத்து, மறைத்த கையோடேயே மவுஸைப் பிடித்து, திரையில் ஓடுகிற எண்களைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். இதை மூன்று பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது. அதிலும் இரண்டு பேர் ஆண்களாம். பால் கட்டிக்கொண்டது சார். என் மாமியார் சுறாப்புட்டு கொடுத்தார்கள் சார். சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு உதட்டில் அப்படியே உறைந்துபோய் நின்றது.

ஆகவே காய்ச்சல்தான். காய்ச்சல் மரியாதையான வியாதி. ஆனால் என்ன காய்ச்சல் என்று கேட்டால். சாதாரணக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சலுக்கா இவ்வளவு குறைந்தது என்பார்கள். சரி, டெங்கு. டெங்கு என்றால் ஆஸ்பத்திரியில் அல்லவா படுத்திருக்க வேண்டும், தேர்வு மையத்துக்கு எப்படிப் போனீர்கள். எழுந்து போனேன் சார். அப்படியானால் டெங்கு இல்லை. டைபாய்டு. டைபாய்டோடு கைக்குழந்தைக்கு எப்படிப் பால் கொடுத்தீர்கள், என்ன அம்மா நீங்கள். பாலைப் பற்றி அவர்களுக்கு எப்படித் தெரியும், நான் சொல்லவே இல்லையே. இப்படி ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, அதற்கு இன்னொன்று என்று அவளே கேள்வி கேட்டு அவளே மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொள்வதுகூடப் பெரிதில்லை. அதற்கும் அடியில் ஒன்று கிடந்தது, அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். வராத வியாதியை வந்தது என்று சொன்னால் அது வந்துவிடும். வாயால் கூப்பிட்டால் வந்துவிடும். சொன்னவளுக்கு வந்தால் தேவலை, சொன்னவளுக்கு வராது, மடியில் இருப்பதற்குத்தான் வரும். பிள்ளைக்கு ஆறு மாதம் இருக்கும்போது காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டது. உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, வெள்ளை மட்டும் தெரிந்தது. மதியழகன் படகில் இன்ஜின் பார்க்கக் கடலுக்குள் போயிருந்தான். பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரி போகும்வரை பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனாள், அகல்விழி, அகல்விழி, அகல்விழி, பெயரை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று. இப்போது அந்த வாயாலேயே காய்ச்சல் என்று சொல்ல வேண்டும். கீழே தெருவில், ஓட்டல் சோபாவில் உட்காரக் கூச்சப்பட்டு வெளியே போய் நின்றுகொண்டிருக்கிற மதியழகனின் தோளில் அகல்விழி தூங்குகிறாள். மாசி வெயில். இவள் இங்கே காய்ச்சல் என்பாள், அங்கே அவன் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான், என்னடா சுடுது என்பான். படித்தவள் இப்படியெல்லாம் நினைப்பாளா, எம்பிஏ படிக்கப் போகிறவள் இதை நம்புவாளா என்று கேட்டால் நம்பவில்லை என்றுதான் சொல்வாள். நம்பவில்லை. ஆனால் சொல்லவும் முடியாது.

அப்படியென்றால் பால்தான். கூச்சத்தை விட்டுப் பாலைத்தான் சொல்ல வேண்டும், அதாவது உண்மையை. உண்மை என்று நினைத்ததும் கொடியின் இன்னொரு கிளை தரைவிரிப்பில் பிரிந்து போவதைப் பார்த்தாள், அதன் பின்னாலேயே மனசும் போயிற்று, போகாதே என்று பிடித்து இழுத்தும் போயிற்று. பால் எப்போது வந்தது. கணக்கு தொடங்கி நடக்கும்போது. தொடங்கும்போது இல்லை, நடக்கும்போது. அதற்கு முன்னால் என்ன நடந்தது. அதற்கு முன்னால் முதல் கணக்கைப் படித்தாள். புரியவில்லை. சரி என்று இரண்டாவதுக்குப் போனாள். அதுவும் புரியவில்லை, புரிந்த மாதிரி இருந்து கையை விட்டுப் போயிற்று, மீன் நழுவுகிற மாதிரி. அப்போது மார்பு இறுகியிருந்தது, வலி இருந்தது, ஆனால் தாங்கக்கூடிய வலிதான், பிள்ளை பெற்றவளுக்கு அதெல்லாம் ஒரு வலியா. சட்டை காய்ந்துதான் இருந்தது. காய்ந்த சட்டையோடு உட்கார்ந்து அவளால் இரண்டு கணக்கையும் போட முடியவில்லை. அதற்கப்புறம்தான் குழந்தை அழுதது, அதற்கப்புறம்தான் பால். பால் வந்தபோது அவள் என்ன நினைத்தாள். ஐயோ என்றா நினைத்தாள். இல்லை. இதை மதியழகனிடம் சொல்லவில்லை, அத்தையிடம் சொல்லவில்லை, தனக்குத்தானேகூட இதுவரைக்கும் சொல்லிக்கொண்டதில்லை. சட்டை நனைந்தபோது அவளுக்கு வந்தது ஆறுதல். நல்லவேளை என்று இருந்தது. இனிமேல் குறைந்தால் அது தன்னால் இல்லை என்று இருந்தது. அந்த ஆறுதலோடுதான் மீதி நேரமும் அப்படியே உட்கார்ந்திருந்தாள், வெளியே வந்து மதியழகன் துப்பட்டாவைப் போர்த்திவிட்டபோது அழுதாள், அவன் பாலுக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். பால் வராமல் இருந்திருந்தால் மூன்றாவது கணக்கு வந்திருக்குமா. நான்காவது. வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும். கல்லூரியில் இடம் கிடைத்து, இரண்டு வருஷம் அத்தனை பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, அங்கே குழந்தையும் அழாமல் பாலும் வராமல் சட்டை காய்ந்தே இருந்து, அப்போதும் வரவில்லை என்றால். தண்ணீர் பாட்டிலைத் திறக்க மூடி வழுக்கியது. தீக்ஷிதா வாங்கித் திறந்து கொடுத்தாள்.

அப்போது கூப்பிட்டார்கள். அவள் பெயரை நடையிலிருந்த பணியாளர் பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து படித்தார். தீக்ஷிதா கட்டைவிரலைக் காட்டினாள். உள்ளே வெளியைவிடக் குளிர். நரைத்த தாடி வைத்த ஒருவர், லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த இளையவர் ஒருவர், ஓரத்தில் கைத்தறிச் சேலை கட்டிய அம்மா ஒருவர். உட்காரச் சொன்னார்கள். ஊர் எது, ஐஸ் எதில் செய்வீர்கள், படகு வராத நாளில் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள், மனப்பாடம் செய்ததும் செய்யாததுமாக ஏதோ சொன்னாள், ஒரு இடத்தில் அவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஒரு கணம் அந்தக் கேள்வி வராமலே போய்விடும்போல இருந்தது. லேப்டாப்காரர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், உங்கள் கணக்கு மதிப்பெண் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்றார். தாழ்வான குரல், கோபமே இல்லை. காய்ச்சல் என்று சொல்ல வாய் திறந்தது. திறந்த வாய்க்குள் காற்றுதான் போயிற்று. தாடிக்காரர் காதைச் சொறிந்துகொண்டு காத்திருந்தார். அவள் அந்த அம்மாவைப் பார்த்து, “மேடம், தமிழ்ல சொல்லட்டுங்களா” என்று கேட்டாள். அந்த அம்மா தலையசைத்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், “அப்ப கைப்புள்ள மேடம். பரீட்சை நடுவுல பால் கட்டி, சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு, எந்திரிக்க முடியல. அது நெசம். ஆனா அதுக்கு முன்னாடியே எனக்கு ரெண்டு கணக்கு வரல. அதுவும் நெசம். எது எவ்வளவுன்னு எனக்கே தெரியல.” அந்த அம்மா தமிழ் தெரியாத மற்ற இருவர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார், பால் குடிக்கிற குழந்தை, வலி, நனைந்த உடை, எழ விடவில்லை, சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கம்மியது. அவ்வளவுதான் சொன்னார். பாதியோடு நிறுத்திக்கொண்டார். லேப்டாப்காரர் முதல்முறையாகத் திரையை விட்டு நிமிர்ந்து பார்த்தார், தாடிக்காரர் மெதுவாகத் தலையாட்டினார், இரண்டு பேர் முகமும் இளகியது. அறையில் எல்லாம் அவளுக்காகச் சாய்ந்துகொண்டு வருவது அவளுக்குத் தெரிந்தது, ஏதோ ஒரு கதவு தானாகத் திறக்கிற மாதிரி. பேசாமல் இருந்தால் போதும். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அதே ஆறுதல், அன்றைக்கு வந்த அதே வெதுவெதுப்பான ஆறுதல், மறுபடியும் நெஞ்சுக்குள் இறங்கியது. அது இறங்குவதைப் பார்த்துத்தான் பயந்துபோனாள். இன்றைக்கு வந்த பயங்களிலேயே அதுதான் பெரிய பயம். தன் உடைந்த ஆங்கிலத்தில், வார்த்தை வார்த்தையாகத் தேடி, பால் வருவதற்கு முன்பும் தெரியவில்லை என்று அவர்களிடம் நேராகச் சொன்னாள். அதையும் சொன்னேன், மேடம் அதை விட்டுவிட்டார்கள் என்றாள். மேடத்தின் முகம் சிவந்தது. தாடிக்காரர் தன் முன்னால் இருந்த தாள்களைப் புரட்டி, கணக்குகள் அச்சடித்த ஒரு தாளை எடுத்து, பென்சிலோடு அவள் பக்கம் தள்ளினார். ஜன்னலோரம் ஒரு மேஜை இருக்கிறது, உட்காருங்கள், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்தவரைப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறோம் என்றார். எழுந்தாள். தீக்ஷிதா உள்ளே வருவதும் நாற்காலி இழுபடுவதும் எங்கேயோ தூரத்தில் கேட்டன. மேஜையில் உட்கார்ந்தாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. மார்பு லேசாக இருந்தது, தலை வலிக்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை, சொல்லிக்கொள்ள ஒன்றுமே மிச்சமில்லை. பென்சிலை எடுத்தாள். முதல் கணக்கைப் படித்தாள். புரியவில்லை. இரண்டாவதுக்குப் போகாமல் அதையே திரும்பவும் படித்தாள். பாதி புரிந்தது. பயந்துகொண்டே இன்னொரு முறை படித்தாள்.